கிரீ ஊர்களில் சிறு வானொலி நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடபகுதியில் உள்ள, கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களுக்கு ஆசிரியராகவோ செவிலியராகவோ தொழில்நுட்பப் பணியாளராகவோ போகும் தமிழர்கள், ஊர் மக்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு நடத்தும் சிறு வானொலியை அங்கே பார்த்துவிட்டு, அதற்கு எப்படித் துணை நிற்பது என்று கேட்கிறார்கள். அக்கேள்விகளுக்கான விடைகளே இவை. சட்டம் பற்றிச் சொல்லப்பட்டவை கனடாவுக்கு மட்டுமே பொருந்தும்.

இங்கே பேசப்படுவது எத்தகைய வானொலி?

ஓர் அறை, ஒன்றிரண்டு மைக்குகள், ஒலிகளைக் கலந்து அளவிட ஒரு சிறிய மிக்சர், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைபேசி, 10 முதல் 50 வாட் வரை ஆற்றலுள்ள எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டிய ஆண்டெனா ஆகியவற்றோடு முடிந்துவிடும் நிலையம் இது. ஊர்மன்ற அலுவலகத்தின் பின்னறையிலோ, பழைய பள்ளிக் கட்டடத்திலோ, சில வேளைகளில் ஒருவரது வீட்டிலோ இயங்கும்.

ஒன்டாரியோவின் வடகோடியில் உள்ள ஃபோர்ட் செவர்ன், பீவானக், கியூபெக்கின் வாப்மாகூஸ்டுவி போன்ற ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் போய்வரக்கூடிய சாலை கிடையாது. விமானமே பொதுவழி. சதுப்பும் ஆறுகளும் உறைந்த பிறகு சில ஊர்களுக்குப் பனிச்சாலை போடுவார்கள், வசந்தத்தில் அதுவும் கரைந்துவிடும். ஒரு கேபிள் பழுதானால் மாற்றுக் கேபிள் வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், இத்தகைய ஊரில் நிலையம் அமைப்பவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ‘இதை இங்கேயே பழுதுபார்க்க முடியுமா?’ என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இணையமும் கைப்பேசியும் வந்துவிட்ட பிறகு வானொலி எதற்கு?

இந்த ஊர்களில் முகநூல் குழுக்கள் மிகுந்த உயிர்ப்போடு இயங்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் வெளியுலகத்தோடு ஊரை இணைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வழி, அது செயற்கைக்கோளாகவோ ஒற்றைக் கம்பித்தடமாகவோ இருக்கும். அந்த ஒரு வழி அறுந்தால் இணையமும் அதனோடு போய்விடும். ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே கேட்கும் எஃப்.எம். அலைக்கு அந்த வழி தேவையே இல்லை.

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. கிரீ மொழியின் பல வட்டார வடிவங்களையும் சேர்த்து 80,000-க்கும் மேற்பட்டோர் அதைப் பேசுகிறார்கள், என்றாலும் பல ஊர்களில் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே விடை சொல்கிறார்கள். திரையைத் திறந்தால் வருவது ஆங்கிலம், கியூபெக்கில் பிரெஞ்சும் கூட. சமையலறையில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் வானொலியில் கிரீ ஒலித்தால், அது பாடமாக இல்லாமல் இயல்பான பேச்சாகவே பிள்ளைகளின் காதில் விழுகிறது. வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை, வாத்து உரிக்கும் கையைக் கழுவ வேண்டியதும் இல்லை.

இது புதிதாகத் தோன்றிய யோசனையா?

இல்லை. 1972இல் ஏவப்பட்ட அனிக் ஏ-1 செயற்கைக்கோளும் அதன் பின் வந்தவையும் தெற்கின் தொலைக்காட்சியை வடக்கின் வீடுகளுக்குள் கொண்டுவரத் தொடங்கியபோதே, எங்கள் மொழியில் எங்கள் செய்தி எங்கே என்ற கேள்வியும் எழுந்துவிட்டது. வட ஒன்டாரியோவில் 1974இல் உருவான வாவட்டே தகவல்தொடர்புச் சங்கம், கிரீ, ஓஜி-கிரீ, ஓஜிப்வே மொழிகளில் செய்தித்தாளும் வானொலியும் நடத்தியதோடு, காட்டுக்குள் பொறிவைக்கப் போகும் குடும்பங்களுக்கு ஊரோடு பேச உதவும் தடவழி வானொலிக் கருவிகளையும் கொடுத்து வந்தது. கனடா அரசு 1983இல் வடபகுதி ஒலிபரப்புக் கொள்கையை அறிவித்து நிதியுதவித் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. இன்று சஸ்காட்செவனில் லா ரோஞ்சிலிருந்து மிசினிப்பி ஒலிபரப்புக் கழகமும், மானிட்டோபாவில் என்.சி.ஐ. என்ற பூர்வகுடி வானொலி வலையமைப்பும், கியூபெக் பக்கம் ஜேம்ஸ் விரிகுடாக் கிரீ தகவல்தொடர்புச் சங்கமும் இயங்குகின்றன. கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் வடபகுதிப் பிரிவான சி.பி.சி. நார்த் கிரீ மொழி நிகழ்ச்சிகளைத் தருகிறது.

இந்தப் பெரிய வலையமைப்புகள் பரந்த நிலப்பரப்புக்கு உரியவை. இன்று மாலை விமானம் வருமா, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமா, யாருடைய பனிவண்டி பழுதாகி ஆற்றங்கரையில் நிற்கிறது என்பவற்றை அவ்வூரின் நிலையம்தான் சொல்ல முடியும்.

அனுமதி இல்லாமல் தொடங்கலாமா?

கூடாது. கையில் கிடைத்த பொருள்களால் நிலையம் அமைப்பதற்கும் சட்டத்துக்கு வெளியே நிலையம் நடத்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

கனடாவில் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒன்று சி.ஆர்.டி.சி. எனப்படும் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம். 1990இல் வந்த அதன் பூர்வகுடி ஒலிபரப்புக் கொள்கை, வேறு வணிக வானொலி இல்லாத பகுதியில் இயங்கும் நிலையங்களை ‘ஏ’ வகை என்றும், இருக்கும் பகுதியில் இயங்குபவற்றை ‘பி’ வகை என்றும் பிரித்தது. 1998இல் ஆணையம் வெளியிட்ட விலக்கு ஆணை, ‘ஏ’ வகையைப் போன்ற தொலைதூர நிலையங்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒலிபரப்பு உரிமம் இல்லாமலே இயங்க வழி செய்தது. பூர்வகுடி ஒலிபரப்புக் கொள்கையை ஆணையம் இப்போது புதுப்பித்து வருவதால், தொடங்கும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்று ஆணையத்திடமே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாசல், அலைக்கற்றையைக் கவனிக்கும் கூட்டரசின் புத்தாக்கம், அறிவியல், பொருளாதார மேம்பாட்டுத் துறை. உரிமத்திலிருந்து விலக்குக் கிடைத்தாலும் அலைவரிசைக்கும் கருவிக்குமான தொழில்நுட்பச் சான்றிதழ் இங்கிருந்து பெற்றாக வேண்டும். 10 வாட் வரையிலான மிகக் குறைந்த ஆற்றல் நிலையம், 50 வாட் வரையிலான குறைந்த ஆற்றல் நிலையம் என்ற வகைகள் உள்ளன. இவற்றின் அலைவரிசைக்குப் பாதுகாப்புக் கிடையாது. பெரிய நிலையம் ஒன்று அதே அலைவரிசைக்கு வந்தால் சிறியது விலக வேண்டியிருக்கும்.

சான்றிதழ் வரும்வரை பயிற்சி எடுக்க ஒரு வழி உண்டு. 30 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் புல வலிமை தராத, தரச்சான்று பெற்ற மிகச் சிறிய எஃப்.எம். அறிவிப்புக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. அதன் ஒலி பள்ளி முற்றத்தைத் தாண்டாது என்றாலும், மைக்கின் முன் பேசிப் பழக அது போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஊர்த் தலைவரும் மன்றமும் எழுத்து வடிவில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நிலம் அவர்களுடையது, நிலையமும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வெளியாள். இதில் எனக்கு என்ன இடம்?

கேபிள் இழுப்பது, சாலிடர் வைப்பது, விண்ணப்பப் படிவம் நிரப்புவது, கணக்கு எழுதுவது, பிள்ளைகளுக்கு மிக்சர் பழக்குவது ஆகியவை உங்கள் இடம். மைக் உங்கள் இடமன்று. ஆசிரியர்களும் செவிலியர்களும் ஓரிரு ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அவர்களுடைய ஆர்வத்தின் மேல் மட்டும் நிற்கும் நிலையம் அவர்கள் விமானம் ஏறிய மாதமே ஊமையாகிவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஊரைச் சேர்ந்த குறைந்தது மூன்று பேருக்காவது டிரான்ஸ்மிட்டரை இயக்கவும் நிறுத்தவும், ஃபியூஸ் மாற்றவும், ஆண்டெனா இணைப்பைச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கருவிகளின் மேல் ஒட்டும் குறிப்புகளைக் கிரீ எழுத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். எந்தச் சொல்லை எழுதுவது என்பதை மூத்தவர் ஒருவரிடம் கேட்டே எழுதுங்கள், ஏனெனில் ஊருக்கு ஊர் வழக்கு மாறும்.

எத்தனை வாட் வேண்டும்? எவ்வளவு தூரம் கேட்கும்?

எல்லாரும் முதலில் கேட்பது வாட்டைத்தான், ஆனால் பெரிதும் தீர்மானிப்பது ஆண்டெனாவின் உயரம். ஆற்றலை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல், உயரத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல். ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் தட்டையான சதுப்பு, அங்கு வளரும் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்களும் குட்டையானவை, ஆகவே 20 மீட்டர் கம்பம் ஒன்று கிடைத்தால் 10 வாட் கொண்டே ஊர் முழுவதற்கும், விமானத் தளத்துக்கும், அருகிலுள்ள ஆற்றங்கரை முகாம்களுக்கும் ஒலியைக் கொண்டுசேர்க்கலாம்.

கேபிளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆர்.ஜி.-58 எனப்படும் மெல்லிய கேபிளை 20 மீட்டர் இழுத்தால், எஃப்.எம். அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டர் தரும் ஆற்றலில் பாதி கேபிளிலேயே வெப்பமாகக் கரைந்துவிடும். அதே நீளத்துக்கு எல்.எம்.ஆர்.-400 போன்ற தடித்த கேபிள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விழுங்கும். பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தை நல்ல கேபிளுக்கும் கம்பத்துக்கும் செலவிடுவதே என் பரிந்துரை.

ஆண்டெனாவை நாமே செய்ய முடியுமா?

முடியும், பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் 143ஐ வகுத்தால் அரையலை டைபோல் எனப்படும் இரு துண்டு ஆண்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 98.1 என்றால் ஏறக்குறைய 1.46 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 73 சென்டிமீட்டர். குழாய் வேலைக்கு வாங்கும் செப்புக் குழாய் இரண்டு துண்டும், நடுவில் அவற்றை ஒன்றையொன்று தொடாமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் ‘டி’ இணைப்பும் போதும். கேபிளின் நடுக்கம்பியை மேல் குழாயிலும், சுற்றுப் பின்னலைக் கீழ்க் குழாயிலும் சாலிடர் வைத்து, இணைப்புக்கு அருகிலேயே கேபிளை ஐந்தாறு சுற்றுச் சுருட்டிக் கட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆண்டெனாவாக மாறி, மிக்சரில் இரைச்சல் கிளம்பும். கேபிள் கீழ்க் குழாயை ஒட்டித் தொங்காமல், கிடைமட்டமாக ஒரு மீட்டராவது விலகிச் சென்று பிறகு கீழே இறங்கட்டும். குழாய்களை நிமிர்த்தி நிறுத்துங்கள். வண்டிகளின் ஆண்டெனாவும் கையடக்க வானொலியின் கம்பியும் நின்ற நிலையில் இருப்பதால், அலையும் அதே நிலையில் போனால் நன்றாகப் பிடிபடும்.

முதலில் குழாயைக் கணக்கைவிடச் சற்று நீளமாகவே விட்டு, ஆண்டெனாவிலிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்தபடி இருபுறமும் சமமாக மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அறுத்து வர வேண்டும். 1.5க்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். 2 என்றால் நூற்றுக்குப் பதினோரு பங்கு ஆற்றல் திரும்பி வருகிறது என்று பொருள், அதற்கு மேல் போனால் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு இணைப்புகளைப் பாருங்கள். ஆண்டெனாவோ அதற்குப் பதிலாக ஆற்றலை ஏற்கும் சோதனைச் சுமையோ இணைக்காமல் டிரான்ஸ்மிட்டரை ஒருபோதும் இயக்காதீர்கள், இறுதிநிலை டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

இணைப்பைத் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, கீழ்க் குழாயின் அடிமுனையில் நீர் வடியச் சிறு துளை விட்டுவிடுங்கள். உள்ளே தேங்கும் நீர் உறைந்தால் குழாயைப் பிளந்துவிடும்.

எந்த அலைவரிசையைக் கேட்பது?

வட அமெரிக்காவில் 88.1, 88.3, 88.5 என்று ஒற்றைப்படைத் தசமங்களில்தான் எஃப்.எம். அலைவரிசைகள் அமையும். வண்டியின் வானொலியை வைத்துப் பகல், இரவு, வெவ்வேறு வானிலை என்று பல நேரங்களில் தேடி, எப்போதும் அமைதியாக இருக்கும் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். 108க்கு நெருக்கமானவற்றைத் தவிருங்கள். 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விமானங்களின் வழிகாட்டி அலைகளும் விமானியின் பேச்சும் தொடங்குகின்றன. இணையத்தில் மலிவாக விற்கும் சில டிரான்ஸ்மிட்டர்கள் தம் அலைவரிசைக்கு வெளியேயும் சிதறல் அலைகளை உமிழும். உணவும் மருந்தும் நோயாளிகளும் விமானத்திலேயே போய்வரும் ஊரில், விமானியின் காதில் இரைச்சலை ஏற்படுத்தும் கருவிக்கு இடமே கொடுக்கக்கூடாது. சான்று பெற்ற கருவியையே வாங்குங்கள்.

கடும் குளிர் கருவிகளை என்ன செய்யும்?

ஜனவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும். ஒலிபரப்பு நடக்கும்போது டிரான்ஸ்மிட்டர் தன் வெப்பத்தாலேயே பிழைத்துக்கொள்ளும். சிக்கல் இடமாற்றத்தில்தான் வருகிறது. வெளியே விறைத்த மடிக்கணினியையோ மிக்சரையோ சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே இயக்கினால், உள்ளே நீர் வியர்த்து மின்சுற்றுகளில் ஷார்ட் ஆகிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உள்ளே கொண்டுவந்து, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காமல் வையுங்கள். கேபிளின் மேலுறை குளிரில் கெட்டிப்பட்டு, வளைத்தால் வெடிக்கும், ஆகவே ஆண்டெனா வேலையை இலையுதிர்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உறைமழை பெய்து ஆண்டெனாவில் பனிக்கட்டி படிந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். அப்போது ஆற்றலைக் குறைத்து ஓட்டுங்கள், ஆள் ஏறித் தட்ட வேண்டாம்.

மின்சாரம் நின்றால்?

ஊர் ஒன்றுகூடி வானொலியைத் தேடுவது மின்சாரம் நின்ற பிறகுதான் என்பதால் இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயமில மின்கலத்தில் பாதியை மட்டும் செலவிடுவதாக வைத்துக்கொண்டால் 600 வாட்-மணி கிடைக்கும். 10 வாட் டிரான்ஸ்மிட்டர் ஏறத்தாழ 30 வாட் எடுக்கும், மிக்சரும் துணைக்கருவிகளும் 15, மடிக்கணினி 40 என்றால் ஏழு மணி நேரம் ஓடும். மடிக்கணினியை அணைத்துவிட்டு மைக்கை மட்டும் வைத்துப் பேசினால் பதின்மூன்று மணி நேரம் வரை போகும். மின்கலத்தை வீட்டுக்குள் வையுங்கள். குளிரில் அதன் கொள்ளளவு வெகுவாகக் குறையும், தீர்ந்த ஈயமில மின்கலம் உறைந்து வெடிக்கவும் செய்யும். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலத்தைப் பூச்சியப் பாகைக்குக் கீழே மின்னேற்றம் செய்யக்கூடாது. ஜெனரேட்டர் எப்போதும் கட்டடத்துக்கு வெளியே, கதவிலிருந்தும் சன்னலிலிருந்தும் விலகியே இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவு அறை இல்லையே?

முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பயனில்லை. கனமான போர்வைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கித் தொங்கவிட்டால் எதிரொலி நன்றாகவே அடங்கும், வாசலில் தொங்கும் தடித்த குளிர்கோட்டுகளும் அந்த வேலையைச் செய்யும். ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசினால் ஹீட்டரின் ஓசை பின்னால் போய்விடும்.

வீட்டிலிருந்து அழைப்பவரின் குரலை எப்படி ஒலிபரப்புவது?

மிக எளிய வழி, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு அருகில் வைப்பது. பல நிலையங்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. அடுத்த படி, கைப்பேசியை ஒரு கம்பியால் மிக்சரின் ஒரு தடத்தில் இணைப்பது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அழைப்பவருக்குத் திரும்பிப் போகும் ஒலியில் அவருடைய சொந்தக் குரல் இருக்கக்கூடாது, இருந்தால் அவர் தன் குரலையே தாமதமாகக் கேட்டுத் தடுமாறுவார். மிக்சரின் துணை வெளியீட்டில் அழைப்புத் தடத்தை மட்டும் பூச்சியமாக்கி, மற்றெல்லாவற்றையும் கைப்பேசிக்கு அனுப்பினால் இது தீரும். வீட்டு வானொலியின் ஒலியைக் குறைக்கச் சொல்லியே பேச்சைத் தொடங்கவும்.

எதை ஒலிபரப்புவது? எந்த மொழியில்?

கிரீயில், அவ்வூர் வழக்கில். வலையமைப்பு நிலையங்களின் நிகழ்ச்சிகளை ஒப்பந்தம் செய்துகொண்டு மறுஒலிபரப்பினால் நாளின் பெரும்பகுதி நிரம்பிவிடும். ஊரின் உழைப்பைக் காலை ஒரு மணி நேரத்துக்கும் மாலை இரண்டு மணி நேரத்துக்கும் ஒதுக்கினால் போதும். ஒழுங்காக நடக்கும் மூன்று மணி நேரம், விட்டு விட்டு நடக்கும் முழு நாளைவிட மதிப்புள்ளது. காலை எட்டு மணிக்கு வரும் என்று பழகிய குரல் எட்டு மணிக்கு வராவிட்டால் கிழவிகள் நிலையத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள்.

காலை ஒரு மணி நேரம் பெரும்பாலும் இப்படிப் போகும்: வெப்பநிலை, காற்றின் திசை, ஆற்றுப் பனியின் நிலை, விமானம் கிளம்பியதா, மருத்துவ நிலையத்துக்கு இன்று எந்த மருத்துவர் வருகிறார், பள்ளி உண்டா, கடைக்கு என்ன சரக்கு வந்திறங்கியது, யாருக்குப் பிறந்தநாள். அதன் பிறகு ஃபிடில் இசை, நாட்டுப்புற மெட்டு, கிரீ மொழிக் கிறித்தவப் பாடல்கள் என்று விருப்பப் பாடல்கள் வரும். ஒவ்வொரு பாடலுக்கும் அழைத்தவர் யார், யாருக்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்வார்கள். பல நூறு கிலோமீட்டர் தெற்கே மருத்துவமனையில் கிடக்கும் உறவினருக்காகக் கேட்கும் பாடல்களும் அவற்றில் இருக்கும். அவர் கேட்கப்போவதில்லை, ஆனால் அவரை ஊர் நினைக்கிறது என்று வீட்டார் கேட்கிறார்கள்.

மூத்தவர் ஒருவரையும் பதின்வயதுப் பிள்ளை ஒருவரையும் சேர்த்து உட்கார வைப்பதே நான் கண்டதில் மிகச் சிறந்த ஏற்பாடு. பிள்ளை பொத்தான்களைப் பார்த்துக்கொள்ளும், பெரியவர் பேச்சைப் பார்த்துக்கொள்வார். பிள்ளையின் கிரீ தடுமாறும்போது பெரியவர் நேரலையிலேயே மெல்ல எடுத்துக்கொடுப்பார், கேட்டுக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தே கற்பார்கள். பேச்சின் நடுவே வரும் நீண்ட மௌனங்களைப் பார்த்து வெளியாள் பதறி இசையைப் போட்டுவிடக் கூடாது. அவர் யோசிக்கிறார், முடித்துவிட்டுத் தொடர்வார்.

வானொலி பிங்கோ எதற்காக?

அறிவிக்கப்படும் எண்களைத் தம் சீட்டில் உள்ள எண்களோடு பொருத்திக் குறிக்கும் ஆட்டமே பிங்கோ. நிலையத்தின் மின்கட்டணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. பகலில் கடையிலும் நிலையத்திலும் சீட்டுகள் விற்கப்படும். இரவு குறித்த நேரத்தில் அறிவிப்பாளர் பந்தை எடுத்து, எண்ணைக் கிரீயிலும் ஆங்கிலத்திலும் நிதானமாக இரண்டு முறை சொல்வார். அந்த ஒரு மணி நேரம் தெருவில் பனிவண்டி ஓடாது. சீட்டு நிறைந்தவர் தொலைபேசியில் அழைத்துத் தொடர் எண்ணையும் குறித்த எண்களையும் வாசிக்க, அறிவிப்பாளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரி என்ற பிறகே ஆட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படும். ஒரே நேரத்தில் இருவர் அழைத்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வாசித்துவிடுங்கள். பெரும்பாலான சண்டைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கனடாவின் குற்றவியல் சட்டப்படி இத்தகைய ஆட்டங்களுக்கு மாகாண அதிகாரத்தின் கீழ் உரிமம் வேண்டும். வரவு செலவை மாதந்தோறும் ஊர்மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

எவற்றைச் சொல்லக்கூடாது?

இறப்புச் செய்தியைக் குடும்பம் ஒப்புக்கொள்ளும்வரை சொல்லக்கூடாது, யாராவது அழைத்துச் சொல்லத் தொடங்கினால் தடத்தை மூடிவிட வேண்டும். சில நூறு பேர் மட்டுமே உள்ள ஊரில் பெயர் சொல்லாத குறிப்பே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், வழக்குகள், குடும்பத் தகராறுகள், குழந்தைகள் நலத்துறை தொடர்பானவை எதுவும் நேரலைக்கு வரக்கூடாது. ஊர் துக்கம் காக்கும் நாள்களில் எந்த இசை தகும், ஆட்டத்தைத் தள்ளிவைப்பதா என்பதை மூத்தவர்கள் சொல்லட்டும்.

வாத்து வேட்டைக் காலத்தில் நிலையத்தை மூடிவிடலாமா?

ஜேம்ஸ் விரிகுடா ஊர்களில் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கனடா வாத்துகள் வரும்போது பள்ளிக்கே விடுமுறை விட்டுக் குடும்பங்கள் முகாம்களுக்குப் போய்விடுகின்றன. அறிவிப்பாளரும் போய்விடுவார், போகத்தான் வேண்டும். ஆயினும் ஆற்றுப் பனி உடையும் காலமும் அதுவேயாதலால், ஊரில் தங்கும் ஒருவரைக் கொண்டு காலையும் மாலையும் பதினைந்து நிமிடமாவது வானிலையும் பனியின் நிலையும் சொல்லப்பட வேண்டும். தொலைவிலுள்ள முகாம்களோடு ஊர் தொடர்புகொள்ளும் காட்டுவழி வானொலியில் வரும் செய்திகளை, அனுப்பியவரின் இசைவு இருந்தால் மட்டுமே எஃப்.எம்.மில் சொல்லலாம்.

வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தால் நிலையம் என்ன செய்ய வேண்டும்?

1986 மே 16 அன்று வினிஸ்க் என்ற கிரீ ஊரைப் பனிக்கட்டியோடு பாய்ந்த வெள்ளம் அழித்தது, இருவர் இறந்தனர். மக்கள் ஆற்றின் மேல்புறம் போய் அமைத்த ஊரே இன்றைய பீவானக். ஆல்பனி ஆற்றங்கரையில் உள்ள கஷெச்செவன் மக்கள் வசந்த வெள்ளத்துக்கு அஞ்சிப் பல ஆண்டுகளாக ஊரைக் காலிசெய்து போய்வருகிறார்கள். 2023இல் கியூபெக்கின் ஊஜே-பூகமூவும், 2025இல் வட மானிட்டோபாவின் புக்கட்டவாகனும் காட்டுத்தீயால் காலியாயின. ஆகவே இதற்கான ஏற்பாட்டை அமைதியான மாதத்திலேயே எழுதி முடித்திருக்க வேண்டும்.

வெளியேற்ற அறிவிப்பை யார் சொன்னால் ஒலிபரப்பலாம் என்று இரண்டு பெயர்களை மன்றம் முடிவு செய்யட்டும். மற்றவர் யார் அழைத்துச் சொன்னாலும் அது செய்தியாகாது. ஒவ்வொரு அறிவிப்பையும் காகிதத்தில் எழுதி, மணியைக் குறித்து, ‘இது மாலை 4.20க்கு வந்த அறிவிப்பு’ என்ற வாக்கியத்தோடு தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் வாசிக்க வேண்டும். மணி சொல்லாத அறிவிப்பு, பழையதா புதியதா என்று தெரியாமல் மக்களை விமானத் தளத்துக்கும் பள்ளிக்கும் இடையே அலைய விடும். முதலில் கிரீ, பிறகு ஆங்கிலம், ஏனெனில் தனியே வாழும் முதியவர்களுக்கே அது முதலில் போய்ச்சேர வேண்டும். கடைசி விமானத்துக்காக நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தை அறிவிப்பாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மைக்கை விட்டு எழ மனம் வராதவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

ஒருவர் காட்டிலிருந்து திரும்பாதபோது தேடுதலைக் காவல்துறை நடத்தும். ஜேம்ஸ் விரிகுடாவின் கியூபெக் பக்கம் ஈயூ ஈனூ காவல்படையும், வட ஒன்டாரியோவில் நிஷ்ணாபே ஆஸ்கி காவல்துறையும் இப்பணியைச் செய்கின்றன. அவர்கள் கேட்டதை மட்டும் சொல்லுங்கள்.

பாடல்களுக்குக் கட்டணம் உண்டா?

உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைக்கு சோகன் அமைப்புக்கும், பாடியவர், ஒலித்தட்டு உரிமைக்கு ரீ-சவுண்டுக்கும் செலுத்த வேண்டும். ஊர்ப் பாடகர்களை நிலையத்திலேயே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கு அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பெரியவர்கள் சொன்ன கதைகளின் பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

சொன்னவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஊருக்கும். உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் மக்களிடமே இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைக் கனடாவின் முதற்குடியினர் தம்மைப் பற்றிய தகவல்கள் அனைத்துக்கும் வகுத்திருக்கிறார்கள். வானொலிப் பதிவுக்கும் அது பொருந்தும். நேரலையில் சொன்னதாலேயே அதை இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று எண்ணக்கூடாது. பழங்கதைகளில் பனிக்காலத்தில் மட்டுமே சொல்லத்தக்கவை என்று கருதப்படுபவை உண்டு, அவற்றைக் கோடையில் மறுஒலிபரப்பக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் சொன்னவர் பெயர், நாள், எந்தக் காலத்தில் ஒலிபரப்பலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றைக் குரலாலேயே தொடக்கத்தில் பதிந்துவிட்டால் தாள் தொலைந்தாலும் தகவல் தொலையாது. இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை நிலையத்திலும் மற்றொன்றை வேறு கட்டடத்திலும் வையுங்கள். வெளியாளாகிய உங்கள் மடிக்கணினியில் உள்ள படியை, ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஊர்மன்றத்தின் கண்முன்னே அழித்துவிடுங்கள்.